விளையாட்டு வினையான கதை!



டிசம்பர் பிறந்துவிட்டால் போதும்... ஆபீசுக்கு ஆபீஸ் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். கேக் ஆர்டர் செய்ய ஒரு குழு, அலங்காரத்துக்கு ஒரு குழு, போட்டிகள் நடத்த ஒரு குழு என்று ஒரே அமர்க்களம்தான். 'இந்த வருஷம் என்ன விளையாட்டு வைக்கலாம்? புதுசா ஏதாவது சொல்லுங்களேன்...' என்று ஆளாளுக்குக் கேட்பர். அப்படிக் கேட்கும் சகோதரிகளுக்காகவே இந்தக் கடிதம். நாங்கள் விளையாடி மகிழ்ந்த சில விளையாட்டுகளைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன், என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் செங்கல்பட்டில், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபது ஆண்டு சர்வீஸ். துப்புரவு, செக்யூரிட்டி, கேன்டீன் எல்லாம் சேர்த்து எழுபது பேர் இருப்போம். 'நீங்க இருந்தா சிரிப்புக்குப் பஞ்சமே இல்ல மேடம்' என்று எல்லாரும் சொல்வர். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கிறிஸ்துமசை ஒட்டி, எங்கள் ஆபீசில் ஆண்டுதோறும், 'கிறிஸ்மா - கிறிஸ் சைல்ட்' விளையாடுவோம். சென்னைப் பக்கம் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். தெரியாதவர்களுக்காக: எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவர். ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்தவர், 'கிறிஸ்மா' - அதாவது, கிறிஸ்துமஸ் அம்மா. சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர், 'கிறிஸ் சைல்ட்' - பிள்ளை. அம்மா யார் என்பது பிள்ளைக்குத் தெரியக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் வரை, யாருக்கும் தெரியாமல் மேஜையில் சாக்லேட் வைப்பது, சின்னச் சின்னப் பரிசு வைப்பது, கூடவே, 'இதைச் செய், அதைச் செய்' என்று, 'டாஸ்க்' கொடுப்பது... பார்ட்டி அன்று, 'நான்தான் உன் அம்மா' என்று எழுந்து நின்று, பெரிய பரிசைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

கடந்த 2023 டிசம்பரில், எனக்கு வந்த சீட்டில், எங்கள் பிரிவிலேயே புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணின் பெயர் இருந்தது. பி.காம்., முடித்த, 22 வயதுப் பெண். மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்சில் வந்து போவாள். அதிகம் பேச மாட்டாள். வேலையில் படு சுத்தம்.

'குப்பத்துப் பொண்ணு' என்பதை மனதில் வைத்து, நான் எழுதிய டாஸ்க் இது: 'நாளை மதியம் கேன்டீனில், தலையில் கூடை வைத்து, மீன்... மீனேய்... என்று கூவி, ஐந்து பேரிடமாவது மீன் விற்க வேண்டும்!'

அட்டையில் மீன் வெட்டி, அதில் கலர் அடித்து, பழைய பிளாஸ்டிக் கூடையில் போட்டு, யாரும் வருவதற்கு முன் அவள் மேஜையில் வைத்தேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வெட்டினேன். அவ்வளவு ஆர்வம் எனக்கு!

மறுநாள், அவளும் செய்தாள். கூடையைத் தலையில் வைத்து, மெல்லிய குரலில் கூவியபடி மேஜை மேஜையாக வந்தாள். 'சத்தமா... சத்தமா...' என்று பசங்கள் கத்தினர். 'நாறுதும்மா, தள்ளிப் போ' என்று ஒருவர் மூக்கைப் பிடித்துக் காட்டினார். கேன்டீனே குலுங்கியது. மொபைலில் வீடியோ வேறு. அவளும் சிரித்துக் கொண்டுதான் இருந்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை.

'காய்ச்சலாம்' என்றனர். மதியம் சாப்பிடும்போது, ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கும் கிறிஸ்தவ அக்கா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அதிர்ந்து பேசவே மாட்டார்.

''அந்தப் பொண்ணோட அம்மா என்ன பண்றாங்கன்னு தெரியுமா உனக்கு?'' என்றார்.

''தெரியாதேக்கா...''

''கூடை தூக்கி மீன் விக்கிறாங்க. திருக்கழுக்குன்றத்துலயும், நம்ம ஊர்லயும் தெருத் தெருவா. அப்படி வித்துத்தான் இவளைப் படிக்க வெச்சிருக்காங்க. நேத்து கூடையை இறக்கி வெச்சுட்டு, பாத்ரூம்ல நின்னு அழுதுட்டிருந்தா.''

எனக்குச் சோறு இறங்கவில்லை. டாஸ்க் எழுதியது நான்தான் என்று அக்காவுக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அக்கா தொடர்ந்தார்... ''இந்த விளையாட்டுல எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டுக் கொடுக்கறோம்னு யாருக்கும் ஞாபகமே இல்ல. நிக்கோலஸ்னு ஒரு புனிதர். இப்ப துருக்கின்னு சொல்றோமே, அங்க, மைரான்னு ஒரு ஊர்ல, நாலாம் நூற்றாண்டுல பிஷப்பா இருந்தவர். ஒரு ஏழைக்கு மூணு பொண்ணுங்க. சீதனம் கொடுக்க வழியில்லாம, அவங்க வாழ்க்கையே கெட்டுப் போற நிலைமை. நிக்கோலஸ், ராத்திரியில யாருக்கும் தெரியாம, ஜன்னல் வழியா பொன் முடிச்சைப் போட்டுட்டுப் போயிடுவாராம். பகல்ல நேரா கொண்டு போய்க் கொடுத்தா, வாங்கற அப்பனுக்குத் தலை குனிவு இல்லையா? அதுக்காகத்தான் ஒளிஞ்சுக்கிட்டார்னு எங்க பாட்டி சொல்லும். அவரைத்தான் பின்னாடி சான்டா கிளாஸ் ஆக்கிட்டாங்க. டிசம்பர் 6ம் தேதி அவர் திருநாள். வாங்கறவங்க மானத்தைக் காப்பாத்த ஒளிஞ்சுக்கிட்டார் அவர். நாம ஒளிஞ்சுக்கிட்டு, மானத்தை வாங்கறோம்!''

சுருக்கென்று தைத்தது.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. கடந்த 2021 டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டம், குளச்சலில், மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை, 'நாற்றம் அடிக்கிறது' என்று அரசு பஸ்சிலிருந்து இறக்கிவிட்ட செய்தி நினைவிருக்கிறதா? அந்த அம்மா பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோவை ஊரே பார்த்தது. முதல்வர் கண்டித்தார், பஸ் ஊழியர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர். அந்த வீடியோவை, 'இவங்கல்லாம் மனுஷங்களா?' என்று எழுதி, பத்துப் பேருக்கு அனுப்பியவள் நான். இரண்டே ஆண்டில், அதே மூக்கைப் பிடிக்கும் கூத்தை, என் ஆபீசிலேயே அரங்கேற்றி இருக்கிறேன்!

டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை பார்ட்டி. அவள் வந்திருந்தாள். கிறிஸ்மாக்கள் எல்லாம் ஒவ்வொருவராக எழுந்து நின்றோம். என் முறை வந்தது. ''நீங்களா மேடம்?'' என்றாள். அவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிசை நீட்டினேன், ''தேங்க்ஸ் மேடம்'' என்று வாங்கிக் கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினர்.

மனசு கேட்கவில்லை. ஞாயிறு மாலை, கணவரை அழைத்துக் கொண்டு, வண்டியில் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். வாசலில், காலி அலுமினியக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக் கொண்டிருந்தார், அவள் அம்மா.

''வாம்மா... குந்து. ஆபீஸ் மேடம்னு பொண்ணு சொல்லுச்சு. டீ சாப்டுவியா?'' என்றார்.

நடந்ததைச் சொன்னேன். 'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக் கொள்ளுங்கள்' என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ''மீன் விக்கிறதுல இன்னாம்மா அசிங்கம்? நான் கூவாத தெரு இல்ல. கூவுனாத்தான் சோறு. அத்த நான் சோத்துக்குப் பண்றேன். நீங்க சிரிக்கிறதுக்குப் பண்ணச் சொன்னீங்க. அதான் எம் பொண்ணுக்குப் பொறுக்கல'' என்றவர், டீ டம்ளரை என் கையில் கொடுத்தபடி கேட்டார்: ''நீ கணக்கு எழுதற ஆளுன்னு சொல்லுச்சு. கூட்டத்துல சிரிச்சுட்டு, தனியா வந்து மன்னிப்பு கேட்டா, கணக்கு நேராவுமாம்மா?''

பதில் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது, ''நாளன்னிக்கு பொண்ணு லீவு போடும். 26ந் தேதி எங்க குப்பத்துல யாரும் எங்கியும் போவ மாட்டோம். கடலுக்குப் பால் ஊத்துவோம்'' என்றார். 2004, டிசம்பர் 26ல் வந்த சுனாமியில், அவர் மாமியாரும், வீடும், வலையும் போனதாம். இந்தப் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. கிறிஸ்துமசுக்கு மறுநாள் என்பது, எங்களுக்கெல்லாம் மீந்த கேக் சாப்பிடும் நாள். கோவளம் முதல் கல்பாக்கம் தாண்டி, கரையெல்லாம் வாழும் அவர்களுக்கு அது திவச நாள். இருபது கிலோ மீட்டர், முப்பது கிலோ மீட்டர் தள்ளி வாழ்ந்தும் எனக்கு இது உறைக்கவே இல்லை.

புதன்கிழமை, டிசம்பர் 27. மதியம் அதே கேன்டீனில், எல்லாரும் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது எழுந்து நின்றேன். 'அந்த டாஸ்க் நான் எழுதியது. அது விளையாட்டு அல்ல. ஓர் உழைப்பாளியைக் கேலி செய்தது. எல்லார் முன்னாலும் செய்தேன்; எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். வீடியோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்' என்றேன். கால் நடுங்கியது. ஒருவரும் பேசவில்லை. அந்தப் பெண், டிபன் பாக்சை மூடிவிட்டு எழுந்து வந்து, ''உட்காருங்க மேடம்... சாப்பாடு ஆறுது'' என்றாள்.

சகோதரிகளே, இதற்குப் பிறகு வந்த, 2024 கிறிஸ்துமசுக்கு, விளையாட்டுப் பொறுப்பை என்னிடமே கொடுத்தனர். 'வேண்டாம்' என்று மறுத்தும் விடவில்லை. 'தப்பு பண்ணினவளுக்குத்தான் பள்ளம் எங்கே இருக்குன்னு தெரியும்' என்றார் ஸ்டோர்ஸ் அக்கா.

அந்த ஆண்டு, மாமல்லபுரம் கடற்கரையில் பார்ட்டி வைப்பதாக நிர்வாகம் முடிவு செய்தது. '25 விடுமுறை, 26 வியாழன் அன்றே எல்லாரும் போய் வரலாம்' என்றார் மேனேஜர். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் நான் எழுந்தேன். ''சார்... அன்னிக்கு சுனாமி வந்து சரியா இருபது வருஷம். அந்தக் கரையில போய் நாம பலூன் உடைச்சு விளையாட முடியாது'' என்றேன். அவர் தலையில் அடித்துக் கொண்டு, ''எனக்குத் தோணவே இல்லம்மா'' என்றார். டிசம்பர் 21, சனிக்கிழமைக்கு மாறியது.

நாங்கள் முதலில் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்களுக்கு நாங்களே நான்கு கட்டுப்பாடுகள் போட்டுக் கொண்டோம்.

ஒன்று: சீட்டுக் குலுக்கலில் துப்புரவு அக்காக்கள், செக்யூரிட்டி அண்ணன்கள், கேன்டீன் ஆட்கள், கான்ட்ராக்ட் ஊழியர்கள் எல்லார் பெயரும் இருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் இவர்கள் பெயர் இருக்காது. கேக் துண்டு மட்டும் போகும். பரிசு, 100 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அந்த நூறும் ஆபீஸ் பொது நிதியிலிருந்தே ஆளுக்கு ஆள் கொடுக்கப்பட்டது.

இரண்டு: 'டாஸ்க்' கிடையாது. அம்மா, பிள்ளையிடம் வேலை வாங்க வேண்டாம். துப்புச் சீட்டு மட்டும் வைக்கலாம். 'எனக்கும் உனக்கும் பிடித்தது இஞ்சி டீ', 'நான் ஏறும் பஸ்சில்தான் நீயும் ஏறுகிறாய்' என்பது போல. அம்மா யார் என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று: ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, பலூனை நடுவில் வைத்து நடப்பது, பேப்பர் மேல் நெருங்கி நின்று ஆடுவது போன்றவை அறவே கூடாது. கூச்சத்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக் கொள்வர். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, 2013ல் வந்த சட்டம், ஆபீஸ் கட்டடத்துக்கு மட்டும் அல்ல. வேலை சம்பந்தமாக நாம் போகும் இடத்துக்கும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டிக்கும் கூடப் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார் கமிட்டி இருக்க வேண்டும். 'பார்ட்டிதானே' என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

நான்கு: எந்த விளையாட்டிலும், 'நான் வரல' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. ஒரு பெண்ணுக்கு மூன்று மாதக் கர்ப்பம். இன்னும் வெளியே சொல்லியிருக்க மாட்டாள். ஒருவருக்கு மூட்டு வலி. ஆளைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் விடுவதெல்லாம் அன்பு ஆகாது.

இன்னொரு விஷயம். எங்கள் பக்கம் டிசம்பர் என்றால் கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை. மார்கழி பிறந்திருக்கும், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பர். மேல்மருவத்தூர் எங்கள் மாவட்டம்தான் என்பதால், இருமுடிக்காக மாலை போட்டு, சிவப்புச் சேலையில் வேலைக்கு வரும் பெண்களும் நிறைய. அவர்கள் எல்லாம் கேக் நேரத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்பர். முட்டை இல்லாத கேக்காகவே வாங்கினோம். சிவப்புச் சேலை அக்காதான் முதல் துண்டை வெட்டினார்!

இனி, நாங்கள் விளையாடியவை. செலவு அதிகம் இல்லை. வயது வித்தியாசமும் இல்லை.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்: சின்ன வயதில் ஆற்று மணலில் விளையாடியதுதான். முழ நீளத்துக்கு மணலைக் கரை போல் குவித்து, ஒருவர் அதற்குள் சின்னக் குச்சியை நுழைத்து, முன்னும் பின்னும் போக்குக் காட்டி ஒளித்து வைக்க வேண்டும். எதிராளி, இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடம் என்று நினைக்கும் இடத்தில் பொத்த வேண்டும். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்? மேனேஜரும், துப்புரவு அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தனர். மூன்று தடவையும் மேனேஜர் தோற்றார். ''என்ன சார்... ஃபைல்ல ஒளிஞ்சிருக்கறதைக் கண்டுபுடிக்கிறீங்க, இது முடியலியா?'' என்று அக்கா கேட்க, ஒரே சிரிப்பு. இந்தச் சிரிப்பில் யாருக்கும் காயம் இல்லை. பெரிய பதவியில் இருப்பவர் தோற்கிற மாதிரி விளையாட்டு வைத்துப் பாருங்கள், கூட்டமே கலகலக்கும்.

சிலை: பாட்டு நின்றதும் அசையாமல் நிற்கும் விளையாட்டு, எல்லாருக்கும் தெரிந்தது. நாங்கள் அதை மாமல்லபுரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றினோம். காலையில் எல்லாரையும் அர்ச்சுனன் தபசு சிற்பத்தின் முன் நிறுத்தி, 'நன்றாகப் பார்த்துக் கொள்ளுங்கள்... சாயங்காலம் பரீட்சை' என்றோம். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, எலிகளை ஏமாற்றத் தவம் செய்யும் பூனை, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், குட்டிகளோடு நிற்கும் யானை, ஒற்றைக் காலில் நிற்கும் தபசி... பல்லவர் காலத்துச் சிற்பிக்கு எவ்வளவு குறும்பு! மாலையில் பாட்டு நின்றதும், நான் சொல்லும் சிற்பமாக நிற்க வேண்டும். வெளியேற்றுவது கிடையாது, நன்றாக நின்றவருக்கு ஒரு கடலை மிட்டாய், அவ்வளவுதான். செக்யூரிட்டி அண்ணன், பூனையாக ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தபடி நின்றாரே... அந்தச் சிற்பமே எழுந்து வந்தது போல் இருந்தது.

புளியங்கொட்டை: ஒரு கண்ணாடி பாட்டிலில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டு, மூடி வைத்துவிடுங்கள். எத்தனை என்று ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். நாங்கள் போட்டது, 412. கணக்குப் பிரிவுக்காரி நான் எழுதியது, 250! கேன்டீன் அக்கா எழுதியது, 400. ''தினம் அளந்து போடற கை மேடம்'' என்றார். முடிந்ததும், அதே கொட்டைகளை வைத்துப் பல்லாங்குழி ஆடினோம்.

அஞ்சறைப் பெட்டி: சின்னத் துணி முடிச்சுகளில் சீரகம், சோம்பு, ஓமம், வெந்தயம், மிளகு, பெருங்காயம் என்று கட்டி, எண் போட்டு வைக்க வேண்டும். முகர்ந்து பார்த்து எழுதணும். ஆண்கள் பாடு திண்டாட்டம்! சீரகத்தையும், சோம்பையும் மாற்றி எழுதியவர்களே பாதிப் பேர். ஜலதோஷம் பிடித்தவர்கள் தொட்டுப் பார்க்கலாம் என்று சலுகை கொடுத்தோம்.

கடலில் இறங்கும் போட்டி எதுவும் வைக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம். மாமல்லபுரம் அலைக்குப் பலியானவர்கள் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். கால் நனைப்பதோடு சரி என்று முன்பே சொல்லிவிட்டோம்.

கடைசியாக, எல்லார் மனதிலும் நின்ற விளையாட்டு ஒன்று. அது நான் யோசித்தது அல்ல.

திட்டம் போடும்போது, ஹெச்.ஆர்., பெண், ''எல்லாரும் குழந்தையா இருந்தப்போ எடுத்த போட்டோ கொண்டு வரட்டும். யாருன்னு கண்டுபிடிக்கலாம். ஜாலியா இருக்கும்'' என்றாள். நல்ல விளையாட்டுதான். ஆனால், குப்பத்துப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: ''எனக்குச் சின்ன வயசு போட்டோ கிடையாது மேடம். வீட்டோட போயிடுச்சு.'' துப்புரவு அக்காவும், ''எங்களுக்கெல்லாம் யாரு கண்ணு போட்டோ புடிச்சாங்க? கல்யாணத்துக்குத்தான் மொத போட்டோ'' என்றார். ஹெச்.ஆர்., பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. உடனே அந்தப் பெண்ணே வழி சொன்னாள்... ''போட்டோவுக்குப் பதிலா, முதல் சம்பளத்துல என்ன வாங்கினோம்னு சீட்டுல எழுதலாமே மேடம். அது இங்க எல்லாருக்கும் இருக்கும்ல?''

அப்படியே செய்தோம். பெயர் போடாமல் எழுதி, பானையில் போட்டோம். ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, யாருடையது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

'தம்பிக்கு சைக்கிள்' - மேனேஜர்! 'அடகு வைத்த அம்மாவின் கம்மலை மீட்டேன்' - செக்யூரிட்டி அண்ணன். 'யாருக்கும் தெரியாமல், முழு பிரியாணி ஒன்றை நானே சாப்பிட்டேன்' - எப்போதும், 'டயட்' பேசும் ஹெச்.ஆர்., பெண். 'சம்பளக் கவரை அப்படியே வீட்டுக்காரர் பிடுங்கிக் கொண்டார்' - இதைப் படித்ததும், சிரித்துக் கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது; ஆனால், ஒருவரும் பெயர் சொல்லவில்லை. சீட்டைப் படித்தவர் மடித்துத் தன் பையில் வைத்துக் கொண்டு, அடுத்த சீட்டை எடுத்தார். அந்த நிமிடம், என் ஆபீஸ்காரர்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து வந்த சீட்டு: 'எலக்ட்ரானிக் தராசு.'

''தராசா? நகைக்கடையா வெச்சிருக்கீங்க?'', ''ஸ்டோர்ஸ் அக்காவா?'', ''கேன்டீன் அக்காதான்!'' என்று ஆளாளுக்குக் கத்தினர். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

''நான்தான். எங்கம்மா மீன் விக்கிறாங்க. பழைய தராசுல எடை சரியில்லன்னு வாங்கறவங்க சண்டை போடுவாங்க. அதான், முதல் சம்பளத்துல அம்மாவுக்கு எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் கொடுத்தேன். இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது!''

போன வருஷம் கேன்டீனில் முனகிய அதே குரல்தான். அன்று, 'சத்தமா' என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தின ஆண்டு மூக்கைப் பிடித்துக் காட்டியவர்தான் முதலில் கை தட்டினார். கேன்டீன் அக்கா, ''உங்கம்மா செங்கல்பட்டுல எந்தத் தெருவுக்கு வருவாங்க? சங்கரா கிடைக்குமா?'' என்று கேட்டார். ''எனக்கு நெத்திலி'', ''எனக்கு இறால்'' என்று, அங்கேயே ஏழு பேர் சொல்லி வைத்தனர். இப்போதும், வாரம் இருமுறை, எங்கள் ஆபீஸ் கேட்டுக்கு அவர் அம்மா வந்து போகிறார். தராசை நான்தான் பார்ப்பேன். எடை அவ்வளவு சுத்தம்!

ஒளிந்திருந்து பரிசு கொடுக்கும் இந்த விளையாட்டு நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் இதை, 'கண்ணுக்குத் தெரியாத நண்பர்' என்ற பொருளில் அழைக்கின்றனராம்; பிலிப்பைன்சில், 'மோனிட்டோ மோனிட்டா' என்று ஆடுகின்றனராம். நாம்தான் அதற்கு, 'அம்மா - பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. எந்த அம்மா, தன் பிள்ளையை நாலு பேர் முன் நிறுத்திச் சிரிக்க வைப்பாள்?

ஆகவே சகோதரிகளே, இந்த ஆண்டு உங்கள் ஆபீசில் விளையாட்டு தேடும்போது, 'எது ரொம்பச் சிரிப்பு வரும்?' என்று மட்டும் யோசிக்காதீர்கள். உங்கள் ஆபீசிலேயே அதிகம் பேசாத ஒருவரை மனதில் நினைத்து, 'இதை விளையாடிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்வாரா?' என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 'சொல்வார்' என்றால், தாராளமாக விளையாடுங்கள்.

அந்த அட்டை மீன்களில் ஒன்று, இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. டிசம்பர் வந்தால், ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கொள்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்கல்பட்டு.